காலடியில் ஒரு சுருள்

மலர்க் குழுவினர் "வரலாற்றுப் பகுதிக்கு ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார்கள். நம் கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிடப் பொருத்தமான மூத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். எனக்குக் கொஞ்சம் தெரிந்த வரலாறு ஒரே ஒரு பொருளைப் பற்றியது. குட்டையான ஏரியலின் அடியில், மழை வெயில் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற செப்புக் கம்பிச் சுருள். ஹாம் நண்பர்கள் அதை 'பேஸ் லோடிங் காயில்' என்பார்கள். நம் ஹாம் கிளப் மாணவர்கள் இந்த வருஷம் அதோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். அதுவும் இதை எழுத ஒரு காரணம், பின்னால் சொல்கிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்காத நண்பர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. தரையிலிருந்து செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பி, அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருந்தால் தானாகவே 'பாடும்'. ரெசனன்ஸ் என்பது அதுதான். அமெச்சூர்கள் அதிகம் புழங்கும் 40 மீட்டர் அலைவரிசையில், அதாவது 7.1 மெகாஹெர்ட்ஸில், அந்தக் கால் பங்கு சுமார் 10.5 மீட்டர். மூன்று மாடி உயரம். அவ்வளவு உயரத்துக்கு இடமும் வசதியும் இல்லை, 3 மீட்டர் குழாய்தான் நிறுத்த முடியும் என்றால், அந்தக் குழாய் வெறும் கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும். கரண்ட்டை உள்ளே விடாது. அந்தக் கெபாசிட்டரைச் சரிக்கட்ட அடியில் ஓர் இண்டக்டரைச் சேர்த்தால் மறுபடி பாட ஆரம்பிக்கும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இந்த 'அவ்வளவுதான்' பிடிபட உலகத்துக்கு ஐம்பது அறுபது வருஷம் ஆனது.

1895-இல் இத்தாலியில் பொலோன்யாவுக்குப் பக்கத்தில், தன் அப்பா வீட்டுத் தோட்டத்தில் மார்க்கோனி சோதனை செய்தபோது அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். கம்பியின் ஒரு முனையை உயரத் தூக்கினால், மறுமுனையை மண்ணில் புதைத்தால், சிக்னல் அதிக தூரம் போகிறது. உயரத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு என்று அவரே ஒரு கணக்கும் வைத்திருந்தார். அதனால் அந்தக் காலத்து வயர்லெஸ் என்றாலே உயரத்துக்கான ஓட்டப்பந்தயம். 1901-இல் இங்கிலாந்தின் போல்துவில் வட்டமாக நிறுத்திய 20 கம்பங்களையும் செப்டம்பர் மாதப் புயல் சாய்த்துவிட்டது. அவசர அவசரமாக இரண்டு கம்பங்களை நட்டு, நடுவில் விசிறி போலக் கம்பிகளைக் கட்டி ஒப்பேற்றினார்கள். டிசம்பர் 12 அன்று அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூபவுண்ட்லாந்தில் மார்க்கோனி ரிசீவர் ஏரியலைப் பட்டம் விட்டுத் தூக்கிப் பிடித்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. (அதே காலத்தில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸுக்கு இந்த உயரக் கவலை கொஞ்சமும் இல்லை. அவர் கையாண்டது 5 மில்லிமீட்டர் அலைகள். அதற்குக் கால் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.)

உயரத்துக்குப் பதில் சுருள் என்று முதலில் யோசித்தவர் ஆலிவர் லாட்ஜ். இவர் ஒரு பேராசிரியர். 1889-லேயே இரண்டு லெய்டன் ஜாடிகளை ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, ஒன்றில் பொறி பறந்தால் தள்ளி நிற்கும் மற்றதிலும் பொறி பறக்கும்படி வகுப்பில் செய்து காட்டியவர். 1897-இல் அவர் வாங்கிய பேடண்டில், ஏரியல் சர்க்யூட்டிலேயே ஓர் இண்டக்டன்ஸ் சுருளைச் சேர்த்து, அதை மாற்றி அமைத்து டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஒரே அலைநீளத்துக்குக் கொண்டுவரலாம் என்று எழுதினார். இன்று நாம் குழாய்க்கு அடியில் வைக்கும் காயிலின் கொள்ளுத் தாத்தா அதுதான். மார்க்கோனி 1900-இல் தன் புகழ்பெற்ற 7777 எண் பேடண்டை வாங்கினார். வழக்கு வம்பு வேண்டாம் என்று 1911-இல் மார்க்கோனி கம்பெனியே லாட்ஜின் பேடண்டை விலைக்கு வாங்கிக் கொண்டது. வியாபாரிக்குத் தெரிந்த மரியாதை அது!

அமெரிக்காவில் கதை இன்னும் நீண்டது. மார்க்கோனியின் அமெரிக்க ட்யூனிங் பேடண்டின் முக்கியப் பகுதிகள் செல்லாது, லாட்ஜும் டெஸ்லாவும் ஜான் ஸ்டோன் ஸ்டோனும் முன்பே அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943 ஜூனில் தீர்ப்பளித்தது. 'வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லாதான் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று சிலர் மேடையில் முழங்குவார்கள். கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. ட்யூனிங் பற்றி மட்டுமே பேசியது. தீர்ப்பு வந்தபோது அந்த நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

1906-இல் பெர்லினில் கூடிய நாடுகள் கப்பல்களுக்கு 300, 600 மீட்டர் அலைநீளங்களை ஒதுக்கின. 600 மீட்டருக்குக் கால் பங்கு 150 மீட்டர். எந்தக் கப்பலில் அவ்வளவு உயரப் பாய்மரம் இருக்கிறது? ஆகவே கப்பல் வயர்லெஸ் அறைகளில் எல்லாம் ஒரு பெரிய சுருள் இடம் பிடித்தது. ஆபரேட்டர் அதன் மேல் கிளிப்பை ஒவ்வொரு சுற்றாக நகர்த்துவார். பக்கத்தில் ஏரியல் கம்பியில் ஓர் அம்மீட்டர், உள்ளே சூடாகி நீளும் ஒரு மெல்லிய கம்பி. முள் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே கிளிப்பை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். இந்த அம்மீட்டரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

சுருள் வைத்த ஏரியலின் ராட்சத வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் சுவீடனுக்குப் போக வேண்டும். கிரிமெட்டன் என்ற ஊரில் 127 மீட்டர் உயரமுள்ள ஆறு கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. 1925 ஜூலையில் சுவீடன் மன்னர் திறந்துவைத்தது. 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் அதிர்வெண் இப்போது 17.2 கிலோஹெர்ட்ஸ். மெகா இல்லை, கிலோ! அலைநீளம் 17 கிலோமீட்டருக்கும் மேல். கால் பங்கு உயரம் வேண்டுமென்றால் 4 கிலோமீட்டருக்கு மேல் கோபுரம் எழுப்ப வேண்டும். 127 மீட்டர் என்பது அதில் 34-இல் ஒரு பங்கு.

அதை வடிவமைத்த அலெக்சாண்டர்சன் (சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர்) செய்த காரியம் அபாரமானது. மேலே ஓடும் கம்பிகளிலிருந்து ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு கம்பியைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு ட்யூனிங் சுருள், ஒவ்வொன்றுக்கும் தனி எர்த். ஒரே ஏரியலுக்கு ஆறு கால்கள். ஏன் இந்தச் சிரமம்? அத்தனை கரண்ட்டும் ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறங்கினால் மண்ணின் ரெசிஸ்டன்ஸ் பவரையெல்லாம் தின்றுவிடும். ஆறு இடத்தில் பிரித்து இறக்கினால் நஷ்டம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும். சுருளை விட மண்தான் பெரிய திருடன் என்பதை அவர் அன்றே பிடித்துவிட்டார். இன்றும் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் எஸ்ஏகியூ என்ற அழைப்புக் குறியோடு அந்தப் பழைய சுழலும் ஆல்டர்னேட்டரை ஓட்டி மோர்ஸ் அனுப்புகிறார்கள்.

தொலைதூர வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1990-இல் நம் திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்தில், கடற்படை தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையமும் இதே ஜாதிதான். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண். அதனால் அங்கே எவ்வளவு உயரமான கோபுரம் நட்டாலும் மின்கணக்குப்படி அது குட்டைதான்.

அமெச்சூர்களிடம் வருவோம். 1912-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு அமெச்சூர்களை 200 மீட்டருக்கும் கீழே தள்ளிவிட்டது. எதற்கும் உதவாத அலைகள் என்று அன்றைய எண்ணம். துரத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1921 டிசம்பரில் கனெக்டிகட்டில் இருந்து 1பிசிஜி என்ற அமெச்சூர் நிலையம் அனுப்பியதை பால் காட்லி ஸ்காட்லாந்தில் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து கேட்டார். 1923 நவம்பரில் சுமார் 100 மீட்டரில் பிரான்சும் அமெரிக்காவும் இருவழியாகவே பேசிவிட்டன. நம் சென்னையும் சளைத்ததல்ல. 1924 மே மாதம் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31 முதல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பும் செய்தது. மூன்றே வருஷத்தில் பணமில்லாமல் மூடினார்கள் என்பது வருத்தம்தான். மாநகராட்சி அந்தக் கருவிகளை வாங்கி 1930-இல் மறுபடி தொடங்கியது.

அலைநீளம் குறையக் குறையக் கால் பங்கு உயரம் வீட்டுத் தோட்டத்துக்குள் அடங்கியது. சுருள் தேவைப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாம்கள் காரில் ரேடியோ வைக்க ஆரம்பித்தபோதுதான் அது திரும்பி வந்தது. காரில் இரண்டரை மீட்டர் தடிக்கு மேல் வைத்தால் மரக்கிளை ஒடித்துவிடும். கனடாவின் ஜான் பெல்ரோஸ் 1953-இல் கியூஎஸ்டி பத்திரிகையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சுருளை அடியில் வைக்காமல் நடுவில் வைத்தால் தடியில் கரண்ட் கூடுதல் உயரத்துக்குப் பரவும், ரேடியேஷன் அதிகரிக்கும். ஆனால் நடுவில் வைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு இண்டக்டன்ஸ் வேண்டும், அதன் நஷ்டமும் கூடும். எது லாபம் என்பது சுருளின் தரத்தையும் எர்த்தின் தரத்தையும் பொறுத்தது. என் கட்சி, நிலத்தில் நிற்கும் கம்பத்துக்குக் காலடிச் சுருள்தான். ஏணி வேண்டாம், கம்பத்தைச் சாய்க்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கிளிப்பை நகர்த்தலாம். கம்பமும் காற்றில் தலை கனத்து ஆடாது.

1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் டான் ஜான்சன் இன்னும் ஒரு படி போனார். பேட்டரி ஸ்க்ரூடிரைவரின் மோட்டாரைப் பிடுங்கி ஏரியலுக்குள் வைத்து, காரில் உட்கார்ந்தபடியே சுருளை மேலும் கீழும் நகர்த்தினார். அந்த வகைக்குப் பெயரே ஸ்க்ரூடிரைவர் ஆன்டெனா ஆகிவிட்டது.

இனி கொஞ்சம் கணக்கு. 25 மில்லிமீட்டர் குழாய், 3 மீட்டர் உயரம், 7.1 மெகாஹெர்ட்ஸ். சரிக்கட்ட வேண்டிய ரியாக்டன்ஸ் சுமார் 650 ஓம். அதற்குச் சுருள் ஏறக்குறைய 14.5 மைக்ரோஹென்றி. 1928-இல் ஹெரால்டு வீலர் தந்த எளிய சூத்திரப்படி, 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 75 மில்லிமீட்டர் நீளத்துக்கு 24 சுற்று. நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மதியத்தில் முடியும் வேலை.

சிக்கல் இங்கேதான். இந்தக் குட்டைக் குழாயின் ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் வெறும் 2 ஓம். வானத்துக்குப் போகும் பவர் எல்லாம் இந்த 2 ஓமில்தான் கணக்கு. நல்ல சுருளின் நஷ்டம் 3 ஓம். எர்த் மோசமாக இருந்தால், ஒரே ஒரு கம்பியை மண்ணில் அடித்து விட்டுவிட்டால், மண்ணின் பங்கு 45 ஓம்கூட வரலாம். கூட்டினால் 50 ஓம். கோஆக்ஸ் கேபிளும் 50 ஓம். எஸ்டபிள்யூஆர் மீட்டர் அழகாக 1:1 காட்டும். அனுப்பிய 100 வாட்டில் காற்றில் ஏறியது 4 வாட், மீதி 96 வாட் மண்புழுவுக்குக் குளிர் காய! எர்த்தைச் சீர்ப்படுத்தி 15 ஓமாக்கினால் மொத்தம் 20 ஓம், காற்றில் 10 வாட். எஸ்டபிள்யூஆரோ 2.5-க்கு ஏறிவிடும். எர்த்தை 5 ஓமாக்கினால் 20 வாட் போகும், எஸ்டபிள்யூஆர் 5. ஏரியல் தேறத் தேற மீட்டர் அழுகிறது.

ஹாம்களின் மேஜையில் எஸ்டபிள்யூஆர் மீட்டர் நிலைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், 1959-இல் காலின்ஸ் கம்பெனியின் வாரன் புரூன் வெளியிட்ட எளிமையான வாட்மீட்டர் வடிவமைப்பு. அருமையான கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கேபிளின் சுகத்தைத்தான் அது சொல்லும், ஏரியலின் சுகத்தை அல்ல. கப்பல் ஆபரேட்டரின் அம்மீட்டரைப் பாருங்கள். அதே 100 வாட்டுக்கு 50 ஓமில் 1.4 ஆம்பியர், 20 ஓமில் 2.2, 10 ஓமில் 3.2. எர்த் நன்றாக நன்றாக முள் ஏறுகிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய மீட்டர் உண்மையைச் சொன்னது என்றே நான் நினைக்கிறேன்.

மண் விஷயத்தை அளந்தே நிரூபித்தவர்கள் ஆர்சிஏவின் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும். 1937-இல் வெளிவந்தது அவர்கள் கட்டுரை. 3 மெகாஹெர்ட்ஸில் ஏரியலைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல 2, 15, 30, 60, 113 என்று கம்பிகளைப் புதைத்து, ஒவ்வொரு தடவையும் தூரத்தில் சிக்னலை அளந்தார்கள். ரேடியல் நிறைய இருந்தால் குட்டை ஏரியலும் கால் அலை ஏரியலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே வேலை செய்தது. நஷ்டமே இல்லாவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 0.4 டெசிபெல். அதாவது குள்ளமாக இருப்பது குற்றமே இல்லை. ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு 120 ரேடியல் என்ற வழக்கம் அந்தக் கட்டுரையிலிருந்து வந்தது. 1970-களில் பெல் லேப்ஸின் ஜெரி செவிக் குட்டை ஏரியல்களை வீட்டுத் தோட்ட அளவில் அளந்து, அவற்றுக்குக் குட்டையான ரேடியல்களே போதும், எண்ணிக்கைதான் முக்கியம் என்று நமக்கு ஆறுதல் சொன்னார்.

இப்போது கிளப் கதை. எங்கள் பேட்ச் காலத்தில் மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு டைபோல் கட்டியிருந்தோம். இந்த வருஷம் அந்த மாடி முழுக்க சோலார் பேனல் வந்துவிட்டது. தம்பிகளுக்கு ஒர்க்‌ஷாப் பின்புறம் ஒரு துண்டு நிலமும், 3 மீட்டருக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது என்ற நிபந்தனையும் கிடைத்தன. கிளப் செயலாளர் ஒரு நாள் இரவு போன் செய்தான்.

"அண்ணா, எஸ்டபிள்யூஆர் 1.1 வந்துடுச்சு. ஆனா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. ஹெச்எஃப்-ஐ விட்டுட்டு ஹேண்டி செட்டோட நிறுத்திக்கலாம்னு பசங்க சொல்றாங்க."

"எர்த் என்னப்பா போட்டிருக்கீங்க?"

"ஒரு ராடு அடிச்சிருக்கோம்ணா. நல்லா ஆழமா."

2019 வாக்கில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய நானோவிஎன்ஏ அவர்களிடம் இருந்தது. எங்கள் காலத்தில் கனவுகூடக் காண முடியாத கருவி. ரெசனன்ஸில் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். 47 ஓம். அவனிடம் மேலே உள்ள கணக்கைச் சொல்லி, ஆளுக்கு ஐந்து மீட்டராகக் கம்பியை வெட்டிப் புல்லுக்கடியில் பரப்பச் சொன்னேன். மோட்டார் ரீவைண்டிங்கில் மிஞ்சிய எனாமல் கம்பி போதும். முனையைச் சுரண்டி, கம்பத்தின் அடியில் ஒரு செப்பு வளையத்தில் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும்.

ஒவ்வொரு நான்கு ரேடியலுக்கும் ஒரு தடவை அளந்து எழுதினார்கள். 16-ஆவது போட்டு முடித்தபோது 21 ஓம். எஸ்டபிள்யூஆர் 2.4. "என்னண்ணா, கெட்டுப்போச்சு!" என்றான், குரலே இறங்கிவிட்டது. கேபிளின் நடுக்கம்பியைச் சுருளின் எர்த் முனையிலிருந்து மூன்று நான்கு சுற்று மேலே ஒரு கிளிப்பில் மாட்டி நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அங்கே ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் போல 50 ஓம் கிடைக்கும். மேலே உள்ள கிளிப்பையும் அரைச் சுற்று திருத்த வேண்டியிருக்கும். இரண்டு கிளிப்பையும் மாறி மாறி நகர்த்த ஒரு மணி நேரம் ஆனதாம். டிரான்ஸ்மிட் செய்யும்போது மட்டும் கை வைக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். 100 வாட்டில் சுருளின் மேல் முனையில் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் நிற்கும், எர்த் சீரானால் இன்னும் ஏறும்.

ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றி அவர்களே ஓர் ஆர்எஃப் அம்மீட்டரும் செய்துவிட்டார்கள். முன்பு 1.4 காட்டிய இடத்தில் இப்போது 2.2 ஆம்பியர். மறுநாள் இரவு இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் பதில் சொன்னார், அடுத்து கேரளாக்காரர் ஒருவர். ஹெச்எஃப்-ஐ மூடும் பேச்சு அதோடு நின்றது.

மழை பெய்தால் சுருள் நனைந்து ட்யூனிங் நகர்கிறது என்று போன வாரம் ஒரு புகார். பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம், தகர டப்பா மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக்தான் என்றேன். இப்போது இன்னும் 16 ரேடியல் போட வேண்டும் என்கிறார்கள். அதற்கு 80 மீட்டர் கம்பி குறைகிறது. சங்கமத்துக்கு வரும் நண்பர்களில் மோட்டார் பணிமனையோ டிரான்ஸ்ஃபார்மர் தொழிலோ நடத்துபவர்கள், மிஞ்சிய செப்புக் கம்பி எந்த கேஜாக இருந்தாலும் ஒரு சுருள் கையோடு கொண்டு வாருங்கள். ஒர்க்‌ஷாப் பின்புறம், வேப்பமரத்தை ஒட்டி நிற்கும் அலுமினியக் குழாய்தான் அடையாளம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பையன்கள் அங்கே இருப்பார்கள்.